அரசுப் பள்ளியில் மொழியும் கலையும் நடக்க வேண்டுமா? முதலில் பீரியடைக் கேளுங்கள்

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பள்ளி ஆண்டு விழா என்றால் உதவிக்கு ஆள் பஞ்சமே இல்லை. பந்தல் ஒருவர், மைக் செட் ஒருவர், பரிசுக் கோப்பை வெளிநாட்டில் இருக்கும் முன்னாள் மாணவர் என்று தானாகவே வந்து சேரும். ஆனால் அதே பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு பாட்டுப் பீரியடாவது உண்மையில் நடக்கிறதா, ஓவியப் பீரியடு கணக்குக்குப் போய்விடுகிறதா என்று கேட்க ஒருவரும் இல்லை. விழா ஒரு நாள், பள்ளி இருநூறு நாளுக்கு மேல். அதனால் உதவி செய்ய நினைப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவது பெரும்பாலும் ஒன்றுதான்: மேடைக்குக் கொடுப்பதைக் குறைத்துக்கொண்டு, டைம் டேபிளில் இடம் பிடியுங்கள். மற்றதெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பதுதான்.

முதலில் பள்ளி யாருடையது என்று பாருங்கள். நம் மாவட்டத்தில் இது முக்கியம், ஏனென்றால் இங்கே அரசுப் பள்ளிகளுக்குச் சமமாகச் சபைகளும் பிற நிர்வாகங்களும் நடத்தும் அரசு உதவி பெறும் பள்ளிகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுதான் உங்கள் வழி. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், மொத்த உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தை எழுதுவதும், மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் அந்தக் குழுவின் வேலை. உதவி பெறும் பள்ளியில் இந்தக் குழு ஆலோசனை சொல்லலாம், அவ்வளவுதான். 2012-இல் வந்த திருத்தம் அப்படி. அங்கே தாளாளரைப் பார்க்காமல் எதுவும் நகராது. இது தெரியாமல் உதவி பெறும் பள்ளியில் போய் 'குழு தீர்மானம் போட்டாச்சு, நடத்துங்க' என்று நின்றால் மரியாதையாகச் சாயா கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

குழுக் கூட்டம் மாதம் ஒருமுறை நடக்கும். எத்தனை மணிக்கு என்பதைக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். ரப்பர் வெட்டுக்குப் போகிறவருக்குக் காலை முழுக்க வேலை, முந்திரி ஆலைக்குப் போகும் அம்மாக்களுக்குச் சாயங்காலம் வரை வேலை, தூத்தூர் பக்கம் ஆழ்கடலுக்குப் போனவர்கள் மாதக் கணக்கில் ஊரிலேயே இல்லை. யாரும் வர முடியாத நேரத்தில் கூட்டம் வைத்தால் கையெழுத்து மட்டும் வீடு தேடி வரும். கூட்டத்தில் கேட்க வேண்டியதை ஒரே வரியில் எழுதிக்கொண்டு போங்கள்: 'நான்காம் ஐந்தாம் வகுப்புகளுக்கு வியாழக்கிழமை கடைசி இரண்டு பீரியடு கலைக்கு, வேறு பாடத்துக்கு எடுக்கக் கூடாது, யார் நடத்துவது என்று பெயரோடு.' கிழமை, பீரியடு, பொறுப்பாளர் மூன்றும் இல்லாத தீர்மானம் வெறும் வாழ்த்துரை. அதைத் தீர்மான நோட்டில் எழுதி வாங்குங்கள், போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கலை ஆசிரியர் இல்லையே என்று ஹெச்.எம். சொல்வார். பல நேரம் அது உண்மை. தமிழ்நாட்டில் 2012-இல் ஓவியம், உடற்கல்வி, இசை, தையல் போன்றவற்றுக்குப் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். வாரத்தில் மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். சம்பளம் அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது, ஆனால் பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் போராடுவது இன்றும் செய்தியில் வருகிறது. உங்கள் பள்ளிக்கு அப்படி ஒருவர் இருந்தால், அவர் உண்மையில் ஓவியம் எடுக்கிறாரா அல்லது அலுவலகத்தில் கணினியில் பதிவேற்றிக்கொண்டு இருக்கிறாரா என்று பாருங்கள். குற்றம் அவருடையது இல்லை, வேலை அவர் தலையில் விழுகிறது. அந்தப் பதிவேற்றும் வேலைக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் உதவ ஊரில் படித்த பிள்ளை ஒன்று கிடைக்குமா என்று ஹெச்.எம்.மிடம் கேட்டுப் பாருங்கள். பத்தாயிரம் ரூபாய் நன்கொடையைவிட இது பயன்படும்.

மொழி விஷயத்துக்கு வருவோம், இதில்தான் பெற்றோர் அதிகம் தடுமாறுகிறார்கள்.

பிள்ளையை ஒரு புது மொழிக்குள் முழுக்க இறக்கிவிட்டுக் கற்பிக்கும் முறை இன்று உலகம் முழுக்க இருக்கிறது. அதன் பேர் பெற்ற தொடக்கம் 1965-இல் கனடாவில், மாண்ட்ரியல் அருகே செயிண்ட் லாம்பெர்ட் என்ற ஊரில். ஆங்கிலம் பேசும் பெற்றோர்கள் சிலர் பள்ளி நிர்வாகத்தை நச்சரித்து, தங்கள் பிள்ளைகளுக்கு மழலையர் வகுப்பை முழுக்கப் பிரெஞ்சிலேயே நடத்த வைத்தார்கள். மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வால்லஸ் லாம்பெர்ட்டும் ரிச்சர்ட் டக்கரும் அந்தப் பிள்ளைகளை வருடக்கணக்கில் கவனித்தார்கள். பிரெஞ்சு நன்றாக வந்தது, ஆங்கிலமும் கெடவில்லை. இதைக் கேட்டவுடன் 'அப்போ நம்ம பிள்ளைகளையும் முழுக்க இங்கிலீஷ்ல போட்டுடலாம்' என்று கிளம்பிவிடாதீர்கள். அந்தப் பிள்ளைகளின் வீட்டு மொழியான ஆங்கிலம் கடையில், டிவியில், வேலையில் எங்கும் ராஜாவாக இருந்தது. அது போய்விடும் என்ற பயமே இல்லை. டீச்சருக்கு ஆங்கிலம் புரியும், முதல் வருடம் பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொன்னால் திட்டவில்லை. இரண்டாம் வகுப்பிலிருந்து ஆங்கிலத்துக்கும் தனி நேரம் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக அந்த டீச்சர்கள் பிரெஞ்சு சரளமாகப் பேசுகிறவர்கள்.

நம் அரசுப் பள்ளிகளில் 2012-13 முதல் பரவலாக வந்த ஆங்கில வழிப் பிரிவுகளை இதோடு வைத்துப் பாருங்கள். வீட்டில் ஆங்கிலம் இல்லை, தெருவில் இல்லை, பாதி வகுப்பில் டீச்சரும் தமிழில்தான் விளக்குகிறார், விடை மட்டும் ஆங்கிலத்தில் மனப்பாடம். இது அந்த முறையே கிடையாது. இதை அதன் பெயரால் நியாயப்படுத்துவதும் எனக்கு ஒப்பவில்லை.

ஆனால் அந்தக் கனடா முறையிலிருந்து எடுக்கக்கூடிய ஒன்று உண்டு. பிள்ளை மொழியைப் பற்றிப் படித்தால் மொழி வராது, அந்த மொழியில் ஏதாவது செய்தால் வரும். என்ன செய்வது? என் யோசனை, ஓவியத்தையும் விளையாட்டையும் கைவேலையையும் ஆங்கிலத்தில் நடத்துங்கள், கணக்கையும் அறிவியலையும் பிள்ளைக்குப் புரியும் மொழியிலேயே விடுங்கள். மடி, வெட்டு, ஒட்டு, சிவப்பை எடு, இரண்டு பேராக நில், பந்தை உருட்டு என்பதெல்லாம் கண்ணெதிரே நடப்பதால் சொல் புரியாவிட்டாலும் பிள்ளை பக்கத்தில் பார்த்துச் செய்துவிடும், தப்பாகப் போனாலும் ஒரு தாள்தான் வீண். பின்னத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டால் எட்டாம் வகுப்பு வரை அடி வாங்கும்.

நடத்துகிறவருக்குச் சில விஷயம். வாரத்துக்கு ஒருமுறை இரண்டு மணி நேரம் என்பதைவிடத் தினம் அரை மணி நேரம் மேல். அந்த அரை மணி நேரம் ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழில் மொழிபெயர்க்காதீர்கள், மொழிபெயர்ப்பு வரும் என்று தெரிந்தால் பிள்ளை முதல் வாக்கியத்தைக் கேட்கவே கேட்காது. கையால், முகத்தால், படத்தால் காட்டுங்கள். பிள்ளை தமிழில் பதில் சொல்லட்டும், நீங்கள் அதையே ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லிவிட்டு மேலே போங்கள். முதல் சில வாரம், சில பிள்ளைகளுக்குச் சில மாதம்கூட, வாயே திறக்காது. அது மக்கு இல்லை, கேட்டுக்கொண்டிருக்கிறது. பேசும்போது நடுவில் நிறுத்தித் திருத்தாதீர்கள். ஒரே கதையை ஐந்தாறு தடவை சொல்லுங்கள், சலிப்பு உங்களுக்குத்தான் வரும், பிள்ளைகளுக்கு வராது.

இதே முறை தமிழுக்கும் பொருந்தும். களியக்காவிளை, மேல்புறம் பக்கம் வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளைகள் இருக்கிறார்கள், மலையாள வழிப் பள்ளிகளும் உண்டு. 2006-ஆம் ஆண்டு தமிழ் கற்றல் சட்டம் வந்து, ஒன்றாம் வகுப்பில் தொடங்கி வருடத்துக்கு ஒரு வகுப்பாகத் தமிழ் கட்டாயமானது, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளின் பத்தாம் வகுப்புத் தேர்வு விவகாரம் நீதிமன்றம் வரை போனது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பிள்ளைக்குத் தமிழை இலக்கணமாக நீட்டினால் பயம் வரும், பாட்டாகவும் நாடகமாகவும் கொடுத்தால் ஒட்டிக்கொள்ளும். அதோடு அதன் மலையாளத்தைப் பிடுங்கவும் கூடாது. தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு வசதி செய்ய வேண்டும் என்று சொல்லும் அரசியல் சட்டத்தின் 350அ பிரிவு, 1956-இன் ஏழாவது திருத்தத்தில் வந்தது. அது நடைமுறைக்கு வந்த நாள் நவம்பர் 1, 1956. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து நம்மோடு சேர்ந்ததும் அதே நாள்தான். மொழிக்காகப் போராடிப் பிறந்த மாவட்டம் நாம், இன்னொரு பிள்ளையின் மொழியை இளக்காரமாகப் பேச நமக்கு வாய் வரக் கூடாது. பேச்சிப்பாறைக்கு மேலே மலையில் இருக்கும் காணிக்காரப் பழங்குடிப் பிள்ளைகளுக்கும் இதே நியாயம்: முதல் வகுப்பில் அவர்கள் வீட்டுப் பேச்சு தெரிந்த ஒரு அக்காவோ பாட்டியோ வகுப்பில் உட்கார்ந்து கதை சொன்னாலே அழுகை பாதி நின்றுவிடும்.

பேச்சுத் தமிழையும் திருத்தாதீர்கள். விளவங்கோட்டுப் பிள்ளை பேசுவதைக் கேட்டு 'இது மலையாளமா தமிழா' என்று சிரிக்கும் ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். குளச்சல், தேங்காய்ப்பட்டணத்துப் பிள்ளைக்குக் கச்சான், வாடை, கொண்டல், நீவாடு என்று காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் தெரிந்திருக்கும் சொற்கள் பாடப் புத்தகம் எழுதினவருக்கே தெரியாது. அந்தச் சொற்களை வைத்து ஒரு சுவர் அகராதி செய்யச் சொல்லுங்கள். சார்ட் பேப்பர், ஸ்கெட்ச், அவ்வளவுதான் செலவு.

இப்போது கலை. மொழிக்கும் கலைக்கும் தனித்தனியாக ஆள் தேட வேண்டாம் என்பது நம் மாவட்டத்தில் நமக்கு இருக்கும் பெரிய வசதி, ஏனென்றால் இங்கே இருக்கும் கலைகளில் பாதி பேச்சுக் கலை. வில்லுப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். புலவர் வீசுகோலால் வில்லைத் தட்டிக் கதையை ஒரு வரி சொல்ல, பக்கத்தில் இருப்பவர்கள் 'ஆமா' போட்டு, கடைசிச் சொல்லைப் பிடித்துப் பாட, உடுக்கையும் குடமும் தாளமும் கூடவே போகும். இதைவிட நல்ல கேட்டல் பயிற்சி எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் கிடையாது. கவனிக்காதவனுக்கு 'ஆமா' எங்கே போட வேண்டும் என்று தெரியாது. கூச்சப்படும் பிள்ளையை முதலில் 'ஆமா' போடும் இடத்தில் உட்கார வையுங்கள், ஒரு மாதத்தில் அது கதையில் குறுக்குக் கேள்வி கேட்க ஆரம்பிக்கும். மூங்கிலை வளைத்துக் கயிறு கட்டிச் சலங்கை தொங்கவிட்டால் பள்ளி வில் தயார், மண்பானை ஒன்று போதும். கதை சாமிக் கதையாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை, எல்லா மதத்துப் பிள்ளைகளும் இருக்கும் வகுப்பில் அப்படி வைக்காமல் இருப்பதே நல்லது. ஊர்க் குளம் எப்படித் தூர்ந்தது, பள்ளிக்கு முதல் பஸ் எப்போது வந்தது என்று தாத்தாக்களிடம் கேட்டு வந்து பிள்ளைகளே பாட்டுக் கட்டட்டும். தமிழ் ஆசிரியர் அதையே கட்டுரைப் பயிற்சியாகவும் கணக்கில் எழுதிக்கொள்ளலாம், அவருக்கும் லாபம்.

தோல்பாவைக்கூத்தும் அப்படித்தான். திரைக்குப் பின்னால் ஒரே ஆள் ராமனுக்கும் ராவணனுக்கும் கோமாளிக்கும் குரல் மாற்றிப் பேசுகிற கலை அது. இதைப் பரம்பரையாக ஆடும் குடும்பங்கள் நம் மாவட்டத்தில் இருந்திருக்கின்றன, வீட்டில் மராத்தி பேசிக்கொண்டு மேடையில் தமிழில் கதை நடத்துகிறவர்கள். மொழி வகுப்புக்கு இதைவிடப் பெரிய சாட்சி எங்கே தேடுவது? ஆட்டுத்தோலுக்குப் பதில் பழைய காலண்டர் அட்டை, திரைக்கு ஒரு வெள்ளை வேட்டி, பின்னால் ஒரு பல்பு. பாவை கையில் இருந்தால் முகம் தெரியாது, முகம் தெரியாவிட்டால் கூச்சம் போய்விடும். ஆங்கில அரை மணி நேரத்துக்கும் இதை அப்படியே பயன்படுத்தலாம். களியல் ஆட்டம் தெரிந்த ஆசான் ஊரில் இருந்தால் அவரையும் விடாதீர்கள், கம்பைத் தட்டிச் சுற்றி வரும்போது பாட்டின் வேகம் ஏற ஏறப் பிள்ளைகள் உச்சரிப்பைத் தானாகவே சரிசெய்துகொள்வார்கள். சிலம்பம் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, அதற்கு ஏற்கனவே கூட்டம் இருக்கிறது.

கலைஞரைக் கூப்பிடும்போது இலவசமாக வரச் சொல்லாதீர்கள். இது கண்டிப்பு. மைக் செட்டுக்காரருக்குக் காசு, பந்தலுக்குக் காசு, வில்லுப்பாட்டுப் புலவருக்குப் பொன்னாடை மட்டும் என்ற பழக்கம் அசிங்கம். கோயில் கொடை விழா சீசனில் அவர்கள் தேதி கிடைக்காது, தொழில் இல்லாத மாதமாகப் பார்த்து, எட்டுப் பத்து வாரம் தொடர்ச்சியாக வரும்படி பேசுங்கள், ஒரு நாள் ஆடிக் காட்டிவிட்டுப் போனால் பிள்ளைகள் கை தட்டுவதோடு முடிந்துவிடும். வகுப்பு ஆசிரியர் ஒருவரும் கூடவே உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள், இல்லாவிட்டால் கலைஞர் போன பிறகு எல்லாம் போய்விடும்.

வெளியாள் பள்ளிக்குள் வருவது என்றால் ஹெச்.எம். தயங்குவார், தயங்கட்டும். 2024-இல் சென்னைப் பள்ளிகளில் ஒரு வெளியாள் பேசிய பேச்சு பெரிய சர்ச்சையானதிலிருந்து எல்லோரும் உஷாராக இருக்கிறார்கள். எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள், யார், என்ன, எத்தனை வாரம், எந்த வகுப்பு என்று. வட்டாரக் கல்வி அலுவலருக்கோ முதன்மைக் கல்வி அலுவலகத்துக்கோ போக வேண்டுமென்றால் ஹெச்.எம். வழியாகவே போகட்டும், அவரைத் தாண்டி மேலே போனால் அந்த வருடம் முழுக்கக் கதவு அடைபட்டுவிடும். வகுப்பில் எப்போதும் ஒரு ஆசிரியர் இருக்க வேண்டும், தனியாகப் பிள்ளைகளோடு யாரையும் விடக் கூடாது, எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும். பிள்ளைகளின் முகத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். குழந்தைகளுக்கான 1098, பள்ளிக் கல்விக்கான 14417 இரண்டு உதவி எண்களும் சுவரில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பணத்தை ஆசிரியர் கையில் கொடுக்காதீர்கள், அவருக்கும் சங்கடம். குழுவின் வங்கிக் கணக்கு இருக்கிறது, ரசீது வாங்குங்கள். பெரிய தொகை, அல்லது கம்பெனி நிதி என்றால் 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டம் இருக்கிறது, பள்ளியைத் தேர்ந்தெடுத்தே கொடுக்கலாம். மத்திய அரசின் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்‌ஷா வழியாக வரும் மானியத்தை மட்டும் நம்பி வருடத் திட்டம் போடாதீர்கள், 2024-25-இல் மத்திய மாநில அரசுச் சண்டையில் அந்தப் பணம் நின்றுபோனதைப் பார்த்தோம். புதிதாக வாங்கும் முன் பீரோவைத் திறந்து பாருங்கள். வாசிப்பு இயக்கத்தில் வந்த நுழை, நட, ஓடு, பற வரிசைச் சிறு புத்தகங்கள், ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்கள் கட்டுப் பிரிக்காமலே இருக்கும் பள்ளிகள் உண்டு. கிழிந்துவிடும் என்று பூட்டி வைக்கிறார்கள். கிழியட்டும் என்று குழுவில் தீர்மானம் போட்டுக் கொடுங்கள், ஆசிரியருக்கும் தைரியம் வரும்.

போட்டிகள் பற்றியும் கொஞ்சம். 2022-23 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று நடக்கிறது, கலையரசன், கலையரசி என்று பட்டமும் உண்டு. நல்ல விஷயம்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 1957-இலிருந்து பள்ளிக் கலோத்சவம் நடக்கிறது, அங்கே எத்தனை கலைஞர்கள் அதிலிருந்து வந்தார்கள் என்று நமக்குத் தெரியும். அதோடு பரிசுக்காகக் கடன் வாங்கிப் பயிற்சி கொடுக்கும் பெற்றோர், தீர்ப்பை எதிர்த்து அப்பீல் என்ற கூத்துகளும் தெரியும். சுற்றறிக்கை வந்த பிறகு பத்து நாளில் நான்கு பிள்ளைகளைப் பிடித்துப் பழக்குவது வேண்டாம். ஜூனிலிருந்து வாரப் பீரியடு நடந்தால் போட்டிக்குத் தனியாகப் பயிற்சியே தேவைப்படாது, நடக்காவிட்டால் டியூஷனுக்கு வெளியே போய்ப் படிக்கும் நான்கு பிள்ளைகள்தான் மேடை ஏறுவார்கள், மற்ற முப்பது பேர் கை தட்டுவார்கள். இன்னும் ஆழமாகப் பாட்டோ நடனமோ படிக்க விரும்பும் பிள்ளைக்குக் கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றம் உண்டு, நாகர்கோவில் போய்வர முடிகிறவர்கள் விசாரித்துப் பாருங்கள். மலையோரத்திலிருந்து வாரா வாரம் போவது நடக்காத காரியம், அதனால்தான் பள்ளிப் பீரியடை விடக் கூடாது என்கிறேன்.

கிராம சபையையும் மறக்காதீர்கள். நவம்பர் 1 உள்ளாட்சி நாள், அன்று கிராம சபை உண்டு, நம் மாவட்டம் பிறந்த நாளும் அதுவே, கூட்டம் கொஞ்சம் கூடும். பள்ளிக்கு ஒரு கலை அறை, அல்லது ஊர் நூலகத்தைச் சனிக்கிழமை பிள்ளைகளுக்காகத் திறந்து வைப்பது என்று ஏதாவது ஒன்றை மட்டும் கேளுங்கள். பத்துக் கேட்டால் பத்தும் எழுதிக்கொண்டு போய்விடுவார்கள்.

கடைசியாக, கோடை விடுமுறைக்கு முன்பே ஒரு வேலையை முடித்துவிடுங்கள். ஆசிரியர் இடமாறுதல் கலந்தாய்வு வந்தால் ஹெச்.எம். மாறிப் போகலாம், ஆர்வமாக இருந்த டீச்சரும் போகலாம், புதிதாக வருகிறவருக்கு வியாழக்கிழமைப் பீரியடு பற்றி ஒன்றுமே தெரியாது. அதனால் ஏப்ரல் கூட்டத்திலேயே அடுத்த வருடத்து டைம் டேபிளில் அந்தப் பீரியடு தொடரும் என்று ஒரு தீர்மானம், வரும் கலைஞரின் பெயர், பேசிய தொகை, எந்த வகுப்புக்கு எதுவரை முடிந்தது, வில்லும் பானையும் பாவைகளும் எந்த பீரோவில் இருக்கின்றன, சாவி யாரிடம் என்று எல்லாவற்றையும் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஜூனில் புது ஹெச்.எம். வந்த முதல் வாரமே இரண்டு மூன்று பேராகப் போய், அந்தப் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வையுங்கள்.